ஹாஸ்பிடல் பாஸ்

ஐஸ் ஹாக்கியில் நான் தட்டிவிட்ட ஒரு பாஸ் என் தோழியின் காறை எலும்பை உடைத்தது. அப்போது எனக்குப் பதினான்கு வயது, அவளுக்கும் அதேதான். அவள்மேல் மோதியது எதிரணிப் பையன் ஒருவன். எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். பக் என்கிற அந்த வட்டை அவளிடம் அனுப்பியது யார் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

நாங்கள் நியூசிலாந்தின் பாபகூராவில் குடியிருந்தோம். என் ஒன்பதாவது வயதில் கோயம்புத்தூரிலிருந்து வந்த குடும்பம். அப்பாவுக்கு நகர மையத்தில் கம்ப்யூட்டர் வேலை, ரயிலில் போய் ரயிலில் வருவார். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்தார். ஐஸ் ஹாக்கி எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்படாத ஒன்று. வகுப்பில் படித்த ஒருத்தியின் பிறந்தநாளுக்கு ஐஸ் அரங்குக்குப் போயிருந்தேன். பாதி நேரம் விழுந்துகொண்டும் பாதி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டும் இருந்தேன். அடுத்த வாரமும் போக வேண்டும் என்று அடம்பிடித்தேன். இரண்டு வருடத்தில் ஒரு சிறுவர் அணியில் இருந்தேன்.

அந்த அணியில் பெண்கள் இருவர்தான். இன்னொருத்தி அந்தத் தோழி, அவளும் தமிழ்ப் பெண் என்பது தற்செயல். அவள் ஒடாஹுஹுவில் இருந்தாள், இங்கேயே பிறந்தவள். அவளுடைய அப்பா மன்னாரிலிருந்து வந்தவர். விபத்தில் நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் பட்டறையில் வேலை. அவரைப் போலவே அவளும் குட்டையாக, அகலமாக, உறுதியாக இருப்பாள். தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அவள் சொன்னதை எல்லாம் நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். அம்மா காரில் போகும் வழியில் அவளை ஏற்றிக்கொள்வார். அவளுடைய அப்பா பட்டறையிலிருந்து நேராக அரங்குக்கு வந்துவிடுவார், நகத்தில் பெயிண்டோடு.

சின்ன வயதுப் பிரிவில் இருந்தவரை உடம்பால் மோதுவது தடை. அந்த வருடம் நாங்கள் அடுத்த பிரிவுக்குப் போனோம். அங்கே அனுமதி உண்டு. பக் என்பது உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு ரப்பர் வட்டு. அது யாருடைய ஸ்டிக்கில் இருக்கிறதோ அவரைத் தோளாலோ இடுப்பாலோ இடித்துச் சாய்க்கலாம். முதுகில் கூடாது, தலையில் கூடாது, முழங்கையைத் தூக்கக் கூடாது. மற்றபடி உடம்பைக் காப்பாற்றிக்கொள்வது அவரவர் பாடு.

என்மேல் விழுந்த முதல் மோதல் இன்றும் உடம்பில் இருக்கிறது. அரங்கைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குப் பலகை, அதற்கு மேல் கண்ணாடி. பலகை ஓரமாகப் பக்கை இழுத்துக்கொண்டு போனேன். குனிந்து பக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவனை நான் பார்க்கவே இல்லை. கன்னத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி அதிர்ந்தது. நெஞ்சிலிருந்த காற்று முழுக்க வெளியே போய்விட்டது, உள்ளே வரவே மாட்டேன் என்றது. நாக்கைக் கடித்திருந்தேன், வாய் நிறைய உப்புச் சுவை. மண்டியிட்டபடி மூச்சுக்காக வாயைத் திறந்து திறந்து மூடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய அப்பா கைதட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பக் என்னிடம் வந்தால் எனக்கு ஒரே எண்ணம்தான், இதைக் கையை விட்டுத் தொலைக்க வேண்டும். எதிராளி நான்கு அடி தூரத்தில் வரும்போதே யாரிடமாவது தள்ளிவிடுவேன். பக் போய்விட்டால் அவன் என்னை விட்டுவிடுவான். எங்கே தள்ளுகிறேன், வாங்குபவர் தயாரா, அவர் பின்னால் யார் நிற்கிறார்கள், எதையும் பார்க்கமாட்டேன்.

இதில் கொடுமை என்னவென்றால், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது நல்ல குணமாகத் தெரிந்தது. மற்றப் பையன்கள் பக் கிடைத்தால் தாங்களே கோல் போடப் பறப்பார்கள். நான் மட்டும் உடனே பாஸ் கொடுக்கிறேன். எங்கள் பயிற்சியாளர் அணியில் ஒரு பையனின் அம்மா, அருகே ஒரு பள்ளியில் ஆசிரியை. அவர் எல்லோரையும் நிறுத்திவைத்து, "இவளைப் பாருங்கள், அணிக்காக விளையாடுகிறாள்" என்றார். அம்மா அதைக் கேட்டுவிட்டு வழியெல்லாம் பூரித்துப்போனார். "என் பொண்ணுக்குச் சுயநலமே கிடையாது" என்று அப்பாவிடம் சொன்னார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். மறுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை எதிரணியில் ஒரு பையன் இருந்தான். எங்கள் வயதுதான், ஆனால் எங்களில் பலரைவிட ஒரு தலை உயரம். முதல் பத்து நிமிடத்துக்குள் எங்கள் ஆட்கள் இரண்டு பேரைச் சாய்த்திருந்தான். இரண்டும் விதிக்கு உட்பட்ட மோதல்கள். அவன் ஐஸைக் கீறிக்கொண்டு வரும் சத்தத்தை நான் தனியாகக் கேட்க ஆரம்பித்திருந்தேன்.

இரண்டாம் பகுதியில் எங்கள் கோலுக்குப் பின்னால் பக் எனக்குக் கிடைத்தது. நிமிர்ந்தேன். அவன் நேராக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தான். இடது பக்கம் பலகை ஓரமாக என் தோழி வேகமெடுத்துப் போய்க்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்த்தாள், ஸ்டிக்கை இன்னும் ஐஸில் வைக்கவில்லை. இன்னும் ஒரு விநாடி நான் வைத்திருந்தால் அவள் தயாராகியிருப்பாள். ஆனால் அந்த ஒரு விநாடியில் அவன் என்மேல் விழுந்திருப்பான். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் தள்ளினேன்.

பக் அவளுடைய ஸ்டிக்குக்குப் போகவில்லை, அவள் கால்களுக்குப் பின்னால் போனது. அதை எடுக்க அவள் வேகத்தைக் குறைத்து, தலையைக் குனிந்து, பின்பக்கம் எட்டினாள். அந்தப் பையன் என் எதிரே வந்தவன், என்னைத் தொடாமல், ஒற்றைக் காலில் திசை மாற்றி அவளிடம் போனான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நிமிர்வதற்குள் அவன் தோள் அவளை எடுத்துப் பலகையில் அடித்தது. அரங்கு முழுக்க எதிரொலித்தது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம், காய்ந்த குச்சி முறிகிற மாதிரி. எனக்குக் கேட்டது. அவ்வளவு தூரத்தில் கேட்டிருக்க முடியாது என்று பிறகு பலர் சொன்னார்கள். எனக்குக் கேட்டது.

அவள் கத்தவில்லை. பக்கவாட்டில் சரிந்து, வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். உதடு கிழிந்து ரத்தம் ஐஸில் சொட்டியது. அந்த வெள்ளையில் அது அளவுக்கு மீறிச் சிவப்பாக இருந்தது. நான் பக்கத்தில் போய் மண்டியிட்டேன். ஹெல்மெட்டின் கம்பி வலைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். "நீ பார்த்தாய்" என்றாள். "பார்த்துக்கொண்டே கொடுத்தாய்."

நான் பதில் சொல்வதற்குள் அவளுடைய அப்பா வந்துவிட்டார். ஆட்டக்காரர்கள் நுழையும் கதவைத் திறந்துகொண்டு, வேலைக்குப் போட்ட பூட்ஸோடு ஐஸில் ஓடி வந்தார். ஒருமுறை முழங்கால் அடிபட விழுந்து, எழுந்து, மகளிடம் வரவில்லை, நேராக அந்தப் பையனிடம் போனார். ஒரு கையால் அவன் ஹெல்மெட் கம்பியைப் பிடித்து இழுத்தார். மறு கையால் அடித்தார். முதல் அடி கம்பியில் பட்டு அவர் விரல் முட்டிகள் கிழிந்தன. இரண்டாவது அடி தாடைக்குக் கீழே கழுத்தில் விழுந்தது. "என்ரை பிள்ளையைக் கொல்லப் பாக்கிறியோ" என்று தமிழில் கேட்டுக்கொண்டே அடித்தார். பையனுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. அவ்வளவு பெரிய உடம்போடு அவன் கைகளால் தலையை மூடிக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி அழுதான். அவனுடைய அப்பா கண்ணாடியை இரண்டு கையாலும் குத்திக்கொண்டே கதவைத் தேடி ஓடினார்.

நடுவர்கள் இழுத்தும் முடியவில்லை. அம்மா எப்படியோ அங்கே வந்து அவர் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டார். "அண்ணா, விடுங்க. பொண்ணப் பாருங்க அண்ணா. உங்க பொண்ணு கீழ கிடக்குறா." அதற்குப் பிறகுதான் அவர் கை தளர்ந்தது.

நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த அடி எனக்கு விழ வேண்டியது. அது வேறொருவன் கழுத்தில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு ஸ்டிக்கைப் பிடித்தபடி நின்றேன்.

போலீஸ் வந்தது, விசாரித்தது, எச்சரித்துவிட்டுப் போனது. பையன் வீட்டார் அதற்கு மேல் கொண்டுபோகவில்லை. அந்தப் பருவம் முடியும்வரை அவளுடைய அப்பா அரங்குக்குள் வரக் கூடாது என்று மட்டும் கடிதம் போனது.

இரண்டு வாரம் கழித்து அம்மா ஒரு டப்பாவில் கேசரியோடு என்னை ஒடாஹுஹுவுக்குக் கூட்டிப்போனார். அவள் கையைத் துணியால் கழுத்தோடு கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. அவளுடைய அப்பா எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தார். கிழிந்த விரல் முட்டிகள் இன்னும் ஆறாமல் வீங்கியிருந்தன.

"அந்தப் பெடியனை நினைச்சாலே எனக்கு இப்பவும் கை துடிக்குது, தங்கச்சி" என்றார் அம்மாவிடம்.

அப்போது அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அவன் மேல் தப்பில்லை அப்பா. அது ஹாஸ்பிடல் பாஸ். இவள் கொடுத்தது."

ரக்பியிலிருந்து வந்த சொல் அது. வாங்குபவரை நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பாஸ். அவருக்கும் அது தெரிந்திருந்தது. தேநீர்த் தட்டைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

"ஓமோ பிள்ளை?"

"ஆமா அங்கிள்."

"தெரியாமல் குடுத்தனியோ, தெரிஞ்சு குடுத்தனியோ?"

"தெரிஞ்சுதான். அவன் என்னை இடிச்சிடுவான்னு பயம்."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் ஒரு சின்னப் பெடியனை அடிச்சுப்போட்டன்" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போனார். சற்று நேரத்தில் அங்கிருந்து ஏதோ தகரத்தை உதைக்கும் சத்தம் கேட்டது, மூன்று நான்கு முறை. அம்மா என் கையைப் பிடித்து எழுப்பினார்.

காரில் ஏறி, சாவியைப் போட்டு, வண்டியை எடுக்காமல் அம்மா திரும்பி என் கன்னத்தில் அறைந்தார். நியூசிலாந்து வந்த பிறகு அதுதான் முதல் முறை.

"அந்த மனுஷன் போலீஸ் முன்னாடி தலை குனிஞ்சு நின்னாரு. நீ பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்த. இத்தனை நாள் வாயத் தொறக்கல."

"பயமா இருந்துச்சும்மா."

"எல்லாருக்கும்தான் பயமா இருக்கு" என்றார் அம்மா. பிறகு வண்டியை எடுத்தார்.

மருத்துவர் விளையாடலாம் என்று சொல்ல மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை நான் பயிற்சிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். பயம் போகவில்லை, ஆனால் பாஸ் கொடுக்கவும் கை வரவில்லை. பக் வந்தால் அப்படியே உறைந்துபோவேன். அடியும் வாங்கினேன், பக்கையும் பறிகொடுத்தேன்.

புதன்கிழமைகளில் காலை ஆறு மணிக்குப் பயிற்சி. முடிந்தபின், ஐஸைச் சமப்படுத்தும் வண்டி வருவதற்குமுன் கால் மணிநேரம் போல இடைவெளி இருக்கும். அவள் திரும்பி வந்த முதல் வாரமே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அந்த நேரத்துக்கு நிற்கச் சொன்னாள். பக் வைக்கும் வாளி ஒன்றை நடுக்கோட்டருகே கவிழ்த்தாள்.

"பலகை ஓரமாக வா. நான் உன்மேல் வருவேன். என் தோள் உன்மேல் படும்வரை பாஸ் கூடாது. பட்டபிறகு அந்த வாளிக்குப் போக வேண்டும்."

"அதெப்படி முடியும்?"

"தெரியாது. என் எலும்பு சொல்லித் தந்ததை உனக்குக் காட்டுகிறேன்."

முதல் நாள் ஒன்பதுமுறை வந்தாள். எட்டுமுறை நான் அவள் தொடுவதற்கு முன்பே பக்கைத் தள்ளிவிட்டேன். ஒவ்வொருமுறையும் பக் போன பிறகும் வந்து இடித்தாள். ஒன்பதாவது முறை தள்ளாமல் வைத்திருந்தேன். அவள் தோள் விலாவில் இறங்கியது, பக் எங்கோ போனது, நான் மல்லாந்து கிடந்து கூரை விளக்குகளை எண்ணினேன். பெஞ்சில் காத்திருந்த அம்மா எழுந்து வந்தார்.

"அவ உன்ன விளையாட்டுக்கு அடிக்கலடி" என்றார், கண்ணாடி இல்லாத இடத்தில் பலகைமேல் குனிந்து.

"தெரியும்மா. நீங்க குறுக்க வராதீங்க."

ஐந்தாறு வாரம் அப்படிப் போனது. என் இடுப்பும் தோளும் ஊதாவும் மஞ்சளுமாக இருந்தன. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை என்னைத் தனியாக அழைத்து, வீட்டில் எல்லாம் சரியா என்று விசாரித்தார். அந்த நாட்களில்தான் பாஸ் என்றால் என்ன என்று கைக்குப் புரிந்தது. பக் வருவதற்கு முன்பே தலையைத் தூக்கி யார் எங்கே என்று பார்த்துவிட வேண்டும். முழங்காலை மடக்கி எடையைப் பின்காலில் வைத்தால் இடி வந்தாலும் ஸ்டிக்கின் மேல்நுனியைப் பிடித்த கை சுதந்திரமாக இருக்கும். ஸ்டிக்கின் வளைந்த அலகைப் பக்கின்மேல் கவிழ்த்து, அலகின் அடியிலிருந்து நுனிவரை உருட்டிவிட வேண்டும், அறையக் கூடாது. ஆளைப் பார்த்து அனுப்பக் கூடாது, ஆளின் ஸ்டிக்கைப் பார்த்து அனுப்ப வேண்டும். அவரும் நகர்ந்துகொண்டிருப்பதால் ஒரு ஸ்டிக் நீளம் முன்னால். இதையெல்லாம் பயிற்சியாளர் முதல் வருடமே சொல்லியிருந்தார். பக்கைத் தள்ளிவிட்டுத் தப்பிக்க வழி இருந்தவரை அது என் காதில் ஏறவில்லை.

ஒரு புதன்கிழமை ஆறுமுறை வாளியில் அடித்துவிட்டேன். ஏழாவதும் போய் வாளியில் மோதி அது உருண்டது. நான் சிரித்துவிட்டேன். அவள் திரும்பி வந்து முழங்கையை உயர்த்தி என் முகத்தில் அடித்தாள். கம்பி வலை மூக்கில் அழுந்தி ரத்தம் வந்தது. அது விதிக்கு உட்பட்டதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

நான் ஸ்டிக்கைச் சுழற்றி அவள் தொடையில் அடித்தேன். அவள் கையுறையைக் கழற்றி எறிந்தாள். நானும் எறிந்தேன். ஹெல்மெட்டுகள் எப்படிக் கழன்றன என்று நினைவில்லை. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதருகே குத்தினாள். நான் அவள் தலைமுடியைப் பிடித்தேன். இருவரும் விழுந்தோம், விழுந்தபின்னும் விடவில்லை. ஐஸ் முழங்கையைத் தோலுரித்தது. அவள் அழுதுகொண்டே அடித்தாள். நான் அவளுடைய இடது தோளைக் குறிவைத்து, உடைந்து சேர்ந்த அந்த இடத்திலேயே ஒரு குத்து விட்டேன். இதை எழுதும்போது நிறுத்தி எழுந்து போய்விட்டுத்தான் திரும்பி வந்தேன். வலி என்னவென்று தெரிந்த இடம் என்பதால்தான் அங்கே குத்தினேன்.

அவள் முகம் வெளுத்தது. கை விட்டுவிட்டாள். பயிற்சியாளர் ஓடிவந்து எங்களைப் பிரித்தபோது பிரிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

உடை மாற்றும் அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் மூக்கில் டிஷ்யூவை அடைத்திருந்தேன். அவள் தோளை மெல்லச் சுழற்றிப் பார்த்தாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இப்போது சரியாகிவிட்டதா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றாள். "ஆனால் எனக்கு அலுத்துவிட்டது."

பயிற்சியாளர் இருவரையும் இரண்டு ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்தார். அதோடு அந்தப் பருவமே முடிந்தது.

மறு வருடம் அதே அணியோடு மீண்டும் ஆட்டம் வந்தது. அவளுடைய அப்பாவுக்குத் தடை நீங்கியிருந்தது. அரங்கின் நடைபாதையில் அந்தப் பையன் தன் பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான், இன்னும் வளர்ந்திருந்தான். அவர் அவன் வழியில் போய் நின்றார். பையன் ஒரு அடி பின்வாங்கியதைப் பார்த்தேன். அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நான் உன்னை அடித்தது பிழை, நீ ஒன்றும் பிழையாகச் செய்யவில்லை, மன்னித்துக்கொள் என்று சொன்னார். வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்திருப்பார் போல, அவ்வளவு நிதானமாக வந்தது. பையன் "ஆல் குட்" என்று முணுமுணுத்துக் கை கொடுத்தான். அவனுடைய அப்பாவிடமும் இவர் கையை நீட்டினார். அவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் கடந்துபோனார். நீட்டிய கையை இவர் மெதுவாகச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் இரண்டு அணியும் சமமாக இருந்தன. வலது பலகை ஓரமாக எனக்குப் பக் வந்தது. வருவதற்கு முன்பே பார்த்திருந்தேன். அவள் நடுவில் வருகிறாள், அவளை ஒட்டி எதிரணி ஆள் ஒருவன். இப்போது கொடுத்தால் அவன் அவளைச் சாய்ப்பான். அவள் அவனைத் தாண்ட ஒரு விநாடி வேண்டும். அந்த உயரமான பையன் என்னை நோக்கிக் கிளம்பிவிட்டான். அந்தச் சத்தம் எனக்கு மறக்கவில்லை. கால்கள் ஓடிவிடு என்றன. பக்கை வைத்துக்கொண்டேன். அவள் அவனைத் தாண்டினாள், ஸ்டிக்கை ஐஸில் வைத்தாள். அவன் தோள் என் விலாவில் இறங்கிய அதே நேரத்தில் பக் என் அலகிலிருந்து உருண்டு போனது. உள்ளே ஏதோ விரிசல் விட்டது தெரிந்தது. விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன். பக் துள்ளாமல், தட்டையாக, அவள் ஸ்டிக்கில் போய் ஒட்டியது. அவள் வேகம் குறையாமல் போய் அடித்தாள். கோல்கீப்பர் காலை நீட்டித் தடுத்துவிட்டான். இன்னும் சற்று நேரத்தில் அவர்கள் ஒரு கோல் போட்டு ஜெயித்தார்கள்.

எனக்கு விலா எலும்பில் கீறல். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில் ஒடாஹுஹுவில் அவளை இறக்கிவிட வேண்டும். அம்மா கண்ணாடியில் என்னைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக ஓட்டினார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் பல்லைக் கடித்தேன். அப்பாவோடு போகாமல் எங்களோடு வந்திருந்த அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய சூடான சிப்ஸைக் காகிதத்திலிருந்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். ஒன்றை என் வாயருகே நீட்டினாள். நான் மென்று விழுங்கும்வரை காத்திருந்தாள்.

"பாஸ் நன்றாக இருந்தது" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அரை விநாடி தாமதம்" என்றாள். "முன்னாடியே வந்திருந்தால் நான் போட்டிருப்பேன்."